உங்களுக்குத் தெரியுமா? ஒரே பெயர், வேறு வேறு புனிதர்கள்!

அந்தோணியார் கோவில் என்றதும் கைகூப்புகிறோம். எந்த அந்தோணியார்? தெரேசம்மாள் படத்துக்கு மாலை போடுகிறோம். எந்தத் தெரேசம்மாள்? கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் பட்டியல் நூலில், 2004-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, புனிதர்களும் அருளாளர்களுமாக ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். பெயர்களோ அத்தனை இல்லை. ஒரே பெயரைப் பலர் சுமந்திருக்கிறார்கள். பலர் முன்னவர் மீதிருந்த பற்றினால் கேட்டு வாங்கிச் சுமந்திருக்கிறார்கள். ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறிந்துகொள்வதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

பன்னிருவரில் அறுவர்

பெயர்க் குழப்பம் இயேசுவின் 12 திருத்தூதர்களிடமே தொடங்கிவிடுகிறது. அவர்களில் சீமோன் இருவர், யாக்கோபு இருவர், யூதா இருவர். அதாவது, சரிபாதிப் பேருக்குப் பெயர்ப் பங்காளி உண்டு. அதனால்தான் நற்செய்தி நூல்கள் பேதுரு எனப்பட்ட சீமோன், செலோத்தே எனப்பட்ட சீமோன், செபதேயுவின் மகன் யாக்கோபு, அல்பேயுவின் மகன் யாக்கோபு என்று ஒவ்வொருவருக்கும் அடையாளம் சேர்த்தே எழுதுகின்றன.

"இஸ்காரியோத்து அல்ல"

யோவான் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் யூதா என்ற சீடர் இயேசுவிடம் ஒரு கேள்வி கேட்கிறார். உடனே நற்செய்தியாளர், இவர் இஸ்காரியோத்து அல்ல என்று குறிப்பு எழுதுகிறார். காட்டிக்கொடுத்தவனின் பெயரே அவருக்கும் அமைந்ததால் புனித யூதா ததேயுவிடம் வேண்டிக்கொள்ளப் பலர் தயங்கினார்கள் என்றும், யாரும் நாடாத அவரே கைவிடப்பட்டோரின் பாதுகாவலர் ஆனார் என்றும் மரபாகச் சொல்வதுண்டு. இன்று, இனி வழியே இல்லை என்று தவிக்கும்போது கத்தோலிக்கர் முதலில் நினைப்பது இவரைத்தான்.

சந்தியாகப்பர் யார்?

இரண்டு யாக்கோபுகளில் செபதேயுவின் மகனைத்தான் தமிழகக் கடலோர மக்கள் சந்தியாகப்பர் என்கிறார்கள். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்து ஆலயம் இவருடையதே. பன்னிருவரில் முதலில் உயிர் கொடுத்தவரும் இவர்தான், சுமார் கி.பி. 44-இல் ஏரோது அகிரிப்பாவின் வாளுக்கு இரையானார். ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து போகும் பயணிகள் இவரைத் தேடியே போகிறார்கள். இவர் விழா ஜூலை 25. அல்பேயுவின் மகன் யாக்கோபுக்கு, பிலிப்புவோடு சேர்த்து மே 3.

சிலுவையடியில் மூன்று மரியா

இயேசுவின் தாய் மரியா, குளோப்பாவின் மனைவி மரியா, மகதலா மரியா ஆகிய மூவரும் சிலுவையருகில் நின்றதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. இவர்களில் பெயரால் அதிகம் பாதிக்கப்பட்டவர் மகதலா மரியா. கி.பி. 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ஆற்றிய மறையுரை ஒன்றில் மகதலா மரியா, பெத்தானியா மரியா, லூக்கா நற்செய்தியில் வரும் பெயரில்லாத பாவியான பெண் ஆகிய மூவரையும் ஒருவராகவே கருதினார். கீழைத் திருச்சபை அந்தக் கருத்தை ஏற்கவில்லை. மேற்கிலோ மகதலா மரியாவைப் பாவியாகவே வரைந்தார்கள், சிலை வடித்தார்கள், பாடினார்கள். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்தத் தவறு களையப்பட்டது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22-ஆம் தேதி வரும் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களின் நாளுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு சீடர்களுக்குச் செய்தி சொன்னவருக்கு இந்தப் பெருமை திரும்பிவர 1,400 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தோணியாருக்குப் பெயர் கொடுத்த அந்தோணியார்

கையில் குழந்தை இயேசுவும் லீலி மலருமாக நிற்பவர் பதுவை அந்தோணியார். நீண்ட தாடி, கைத்தடி, மணி, காலடியில் ஒரு பன்றி என்றிருந்தால் வனத்து அந்தோணியார். இருவருக்கும் நடுவே சுமார் 900 ஆண்டு இடைவெளி.

வனத்து அந்தோணியார் எகிப்தியர். சுமார் கி.பி. 251-இல் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது ஆலயத்தில், உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தி வாசகத்தைக் கேட்டார். அது தனக்கே சொல்லப்பட்டது என்று நம்பி நிலபுலன்களைத் துறந்து பாலைவனம் புகுந்தார். 356-இல், தமது 105-ஆம் வயதில் இறந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் சொல்கிறார். விழா ஜனவரி 17. பல நாடுகளில் அன்று கால்நடைகளை ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரிப்பார்கள்.

பதுவை அந்தோணியார் பதுவையில் பிறந்தவரும் அல்லர், பிறக்கும்போது அந்தோணியும் அல்லர். 1195-இல் லிஸ்பன் நகரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்து. 1220-இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் கொயிம்பிரா நகருக்கு வந்தபோது மனம் கலங்கி, தானும் அந்தச் சபையில் சேர்ந்தார். அங்கே சகோதரர்கள் தங்கியிருந்த சிற்றாலயம் வனத்து அந்தோணியாருடையது. அவர் பெயரையே இவர் ஏற்றுக்கொண்டார். 1231 ஜூன் 13-இல் பதுவை அருகே இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள் புனிதர் பட்டம் கிடைத்தது. அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கச்சத்தீவிலும், கொழும்பு கொச்சிக்கடையிலும், புளியம்பட்டியிலும் இருப்பவர் இவர்தான். செவ்வாய்தோறும் அந்தோணியார் கோவில்களில் கூட்டம் நிறைவதும் அந்த அடக்க நாளின் நினைவாகத்தான்.

"எந்த பிரான்சிஸ்?"

2013 மார்ச்சில் கர்தினால் பெர்கோலியோ, பிரான்சிஸ் என்ற பெயரோடு திருத்தந்தை ஆனபோது, அது எந்த பிரான்சிஸ் என்று பலரும் கேட்டார்கள். இயேசு சபையைச் சேர்ந்தவர் என்பதால் அந்தச் சபையின் பிரான்சிஸ் சவேரியாராக (1506–1552) இருக்கலாம் என்றனர் சிலர். பிரான்சிஸ் சலேசியாராக (1567–1622) இருக்கலாம் என்றனர் வேறு சிலர். தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் பத்திரிகையாளர்களிடம் அவரே விளக்கினார். வாக்கு எண்ணிக்கை நடந்தபோது பக்கத்தில் இருந்த பிரேசில் கர்தினால் ஹூம்மஸ், அவரைக் கட்டியணைத்து, ஏழைகளை மறந்துவிடாதீர்கள் என்றாராம். அந்தக் கணமே அசிசி நகர் பிரான்சிஸ் மனத்தில் வந்துவிட்டார்.

அசிசியாருக்கே அது திருமுழுக்குப் பெயர் அல்ல. தாய் வைத்தது யோவான். வணிகரான தந்தைதான் பிரான்சிஸ் என்று மாற்றினார். அவருக்குப் பின் அந்தப் பெயர் பரவிய வேகம் பெரிது. பிள்ளை வேண்டி அசிசியாரிடம் மன்றாடிய பெற்றோருக்குப் பிறந்தவரே இத்தாலியின் பவோலா நகர் பிரான்சிஸ் (1416–1507).

தெரேசாக்கள் ஐவர்

அவிலா தெரேசா (1515–1582), ஸ்பெயினில் கார்மேல் சபையைச் சீர்திருத்தியவர். லிசியே நகர் தெரேசா (1873–1897), நாம் குழந்தைத் தெரேசம்மாள், சிறுமலர் என்று அழைப்பவர். 15 வயதில் மடம் புகுந்து 24 வயதில் காசநோயால் இறந்தவர். கொல்கத்தா அன்னை தெரேசாவின் (1910–1997) இயற்பெயர் ஆக்னஸ். அவர் தேர்ந்துகொண்டது லிசியே தெரேசாவின் பெயரை. சிலி நாட்டின் ஆந்திஸ் தெரேசா (1900–1920), மடத்தில் ஓராண்டுகூட வாழவில்லை; 19 வயதில் காய்ச்சலில் போய்விட்டார். சிலியின் முதல் புனிதர் அவரே.

ஐந்தாமவர் எடித் ஸ்டைன். யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானிய மெய்யியலாளர். 1921 கோடையில் ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தபோது, அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு நூலை எடுத்தார். அது அவிலா தெரேசாவின் தன்வரலாறு. விடிய விடியப் படித்து முடித்தார். 1922 புத்தாண்டு நாளில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் கார்மேல் மடத்தில் சேர்ந்து தெரேசா பெனடிக்டா ஆனார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள்.

நான்கில் இரண்டு

திருச்சபையின் மறைவல்லுநர் பட்டம் பெற்ற பெண்கள் நால்வரே. அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் 1970-லும், லிசியே தெரேசா 1997-லும், பிங்கன் நகர் ஹில்டகார்ட் 2012-லும் பெற்றார்கள். நால்வரில் இருவர் தெரேசா!

மடத்தை விட்டு நகராத மறைப்பணியாளர்

கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, ஜப்பான் என்று ஓயாமல் பயணித்துச் சீனக் கரையில் உயிர்விட்ட சவேரியாரும், மடத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிந்த லிசியே தெரேசாவும் ஒரே பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மறைப்பணிகளின் பாதுகாவலர்கள் என்று 1927-இல் இருவரும் சமமாக அறிவிக்கப்பட்டார்கள். மறைப்பணியாளர்களுக்காகத் தெரேசா செய்த வேண்டுதலும் எழுதிய கடிதங்களும் அதற்குக் காரணம்.

மறுநாள் 15-ஆம் தேதி!

அவிலா தெரேசா இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. விடிந்தால் அக்டோபர் 15. திருத்தந்தை 13-ஆம் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தியதில், அந்த இரவோடு 10 தேதிகள் நீக்கப்பட்டிருந்தன. அக்டோபர் 4 ஏற்கெனவே அசிசியாரின் விழா. எனவே தெரேசாவுக்கு அக்டோபர் 15 வாய்த்தது.

இரண்டு தாமஸ், இரண்டு ஹென்றி

இங்கிலாந்தில் தாமஸ் பெக்கெட்டும் தாமஸ் மோரும் லண்டனில் பிறந்தவர்கள். இருவரும் அரசின் சான்சலர் பதவி வகித்தவர்கள். இருவரும் ஹென்றி என்ற பெயருடைய மன்னருக்கு நெருங்கிய நண்பர்களாக இருந்தவர்கள். இருவரும் திருச்சபையின் உரிமைக்காக அதே மன்னரை எதிர்த்து உயிர் கொடுத்தவர்கள். பெக்கெட்டை 1170 டிசம்பர் 29-இல் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் வெட்டினார்கள். மோரின் தலையை 1535 ஜூலை 6-இல் எட்டாம் ஹென்றி வெட்டவைத்தார்.

முந்தைய நாள் சிறையிலிருந்து மகள் மார்கரெட்டுக்கு மோர் எழுதிய கடைசிக் கடிதம் படிப்பவரை உலுக்கும். பேனாவும் மையும் கிடைக்காத சிறையில் கரித்துண்டால் எழுதினார். என் சாவு நாளையைத் தாண்டிப் போனால் வருந்துவேன், ஏனெனில் நாளை புனித தாமசின் விழாவுக்கு முந்தைய நாள் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. அவர் நினைத்தது பெக்கெட்டைத்தான். ஜூலை 7 அவருடைய திருப்பண்டங்களை இடம் மாற்றி வைத்த விழா. தன் பெயர்க்காரரின் விழா வாயிலில் சாவதை மோர் பேறாகவே கருதினார். மூன்றே ஆண்டில், 1538-இல், எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் கல்லறைக் கோவிலையும் இடித்துத் தள்ளினார்.

மூவர் ஒருவரான கதை

ஏதென்சில் பவுலின் பேச்சைக் கேட்டு மனம் மாறிய தியோனீசியு ஒருவர் (திருத்தூதர் பணிகள் 17:34). 3-ஆம் நூற்றாண்டில் பாரிசில் தலை வெட்டப்பட்ட ஆயர் தியோனீசியு இன்னொருவர், பிரெஞ்சில் தெனி. முதலாமவரின் பெயரில், சுமார் 500-ஐ ஒட்டி ஞான நூல்களை எழுதியவர் மூன்றாமவர். 827-இல் பைசாந்தியப் பேரரசர் அந்த நூல்களின் படியொன்றைப் பிரான்சுக்குப் பரிசாக அனுப்பினார். பாரிஸ் புனித தெனி மடத்தின் தலைவர் ஹில்துவின், மூவரும் ஒருவரே என்று எழுதிவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் அதே மடத்தில் இருந்த அபெலார் என்ற துறவி இதைச் சந்தேகித்தபோது மற்றத் துறவிகள் கொதித்தெழுந்தார்கள். அவர் மடத்தை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

மூன்று ஜோடி

சகோதர மருத்துவர்களான கோஸ்மா, தமியான் புனிதர்களை அறிவோம். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள். கீழை மரபுத் திருச்சபையில் இதே பெயர்களில் மூன்று ஜோடிகளுக்கு மூன்று விழாக்கள் உண்டு! ரோம் ஜோடிக்கு ஜூலை 1, அரேபிய ஜோடிக்கு அக்டோபர் 17, சின்ன ஆசிய ஜோடிக்கு நவம்பர் 1.

பிப்ரவரி 14-க்கு இரண்டு பேர்

காதலர் தினத்துக்குப் பெயர் தந்த வாலன்டைன் யார்? ரோம் நகரக் குரு ஒருவர், தெர்னி நகர ஆயர் ஒருவர். இருவரும் 3-ஆம் நூற்றாண்டினர், இருவரும் மறைசாட்சிகள், இருவருக்கும் நினைவு நாள் பிப்ரவரி 14. இருவரும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. 1969 திருத்தத்தில் வாலன்டைன் பொது நாள்காட்டியிலிருந்து நீக்கப்பட்டார். புனிதர் பட்டியலில் இன்றும் இருக்கிறார்.

பாட்டியின் அக்காவும் பேத்தியும்

அங்கேரி எலிசபெத் (1207–1231) அரசர் மகள். கணவர் இறந்தபின் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து 24 வயதில் மறைந்தார். போர்ச்சுகல் அரசி எலிசபெத்துக்கு (1271–1336) அவர் பாட்டியின் அக்கா முறை. அவர் நினைவாகவே பெயர் வைத்தார்கள். ஏழைகளுக்கு மறைத்து எடுத்துப்போன உணவு, வழிமறித்துப் பார்த்தபோது ரோஜா மலர்களாக மாறியிருந்ததாம். இந்த அற்புதம் இருவர் பெயரிலும் சொல்லப்படுகிறது. பெயரோடு சேர்ந்து கதையும் கைமாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு மார்ட்டின், பல மார்ட்டின்கள்

தன் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குக் கொடுத்த ரோமப் போர்வீரர் தூர் நகர் மார்ட்டின். விழா நவம்பர் 11. 1483-இல் அந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றதால்தான் ஜெர்மனியில் ஒரு குழந்தைக்கு மார்ட்டின் லூதர் என்று பெயர் வைத்தார்கள். 1934-இல் ஜெர்மனி போய்வந்த அமெரிக்கப் போதகர் மைக்கேல் கிங், லூதரின் நினைவாகத் தன் பெயரையும் மகன் பெயரையும் மாற்றினார். அந்த மகன்தான் மார்ட்டின் லூதர் கிங். இன்னொரு புனித மார்ட்டினும் உண்டு. பெருவின் மார்ட்டின் தெ போரஸ் (1579–1639), விடுதலையான கறுப்பின அடிமைத் தாயின் மகன், லிமா நகர நோயாளிகளின் தோழர். விழா நவம்பர் 3.

தூண் மேல் இருவர்

சிரியாவில் உயரமான தூண் ஒன்றின் மீது சுமார் 36 ஆண்டுகள் நின்று தவம் செய்தார் பெரிய சிமியோன். 459-இல் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் அந்தியோக்கியா அருகே மற்றொருவர் தூண் ஏறினார். அவர் பெயரும் சிமியோன். வரலாறு இவரைச் சிறிய சிமியோன் என்கிறது.

ஒரே கோவிலில் இரண்டு யோவான்

ரோம் மறைமாவட்டத்தின் பேராலயம் எது? புனித பேதுரு பேராலயம் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது இலாத்தரன் பேராலயம். திருமுழுக்கு யோவான், நற்செய்தியாளர் யோவான் இருவருக்கும் சேர்த்து நேர்ந்தளிக்கப்பட்டது. 1958-இல் திருத்தந்தையான ரொன்கால்லி, யோவான் என்ற பெயரைத் தேர்ந்ததற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. தன் தந்தையின் பெயரும், தான் திருமுழுக்குப் பெற்ற சிற்றூர் ஆலயப் பாதுகாவலரின் பெயரும் யோவானே என்றும் சொன்னார். 2014-இல் அவரும், இரண்டாம் யோவான் பவுலும் ஒரே நாளில் புனிதரானார்கள்.

நம் மண்ணின் யோவான்

ராமநாதபுரம் சீமையில், ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், லிஸ்பனில் பிறந்த யோவான் தெ பிரிட்டோ. சிறுவயதில் நோயில் கிடந்தபோது தாய் சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்த பிள்ளை ஓராண்டு இயேசு சபை அங்கியை அணிந்து நேர்த்திக்கடன் கழித்தான். அந்தச் சவேரியார் நடந்த தமிழ் மண்ணுக்கே பிறகு வந்து சேர்ந்தார். 1947-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

யாழ்ப்பாணத்தில் இறங்கிய யோசேப்பு

யோசேப்பு என்றால் சூசையப்பர் நினைவுக்கு வருவார். இலங்கைக்கு இன்னொரு யோசேப்பு உண்டு. கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் (1651–1711), டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். தமிழ் கற்று, இரவில் வீடு வீடாகப் போய்த் திருப்பலி நிறைவேற்றினார். பின்னர் கண்டியில் அம்மை நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 2015 ஜனவரி 14-இல் கொழும்பு காலிமுகத் திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. இலங்கையின் முதல் புனிதர் இவரே.

லாசருவும் தேவசகாயமும்

நற்செய்தியில் லாசரு இருவர். செல்வர் வீட்டு வாசலில் கிடந்த ஏழை லாசரு, இயேசு சொன்ன உவமையில் வருபவர். இறந்து நான்கு நாள் கழித்து எழுப்பப்பட்டவர் பெத்தானியா லாசரு. மூன்றாமவர் நம்மவர். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது ஏற்ற பெயர் லாசரு. அதன் தமிழ் வடிவமே தேவசகாயம். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15-இல் புனிதரான அவர், அந்த நிலையை எட்டிய முதல் இந்தியப் பொதுநிலையினர்.

உங்கள் புனிதர் யார்?

பெயரை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊர், விழா நாள், சிலையின் கையில் இருக்கும் பொருள் மூன்றையும் பாருங்கள். பல்சக்கரமும் வாளும் இருந்தால் அலெக்சாந்திரியா கத்தரீன். முள்முடியும் லீலியும் இருந்தால் சியன்னா கத்தரீன். ரோஜாக்களை அணைத்த சிலுவை இருந்தால் லிசியே தெரேசா. இறகுப் பேனாவும் புத்தகமும் இருந்தால் அவிலா தெரேசா. வீட்டில் ஒரு அந்தோணியோ, பிரான்சிசோ, கத்தரீனோ இருந்தால், எந்தப் புனிதரை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மேலே கண்ட பதுவை அந்தோணியாரும், எடித் ஸ்டைனும், மோரும் தம் பெயரில் முன்னே வாழ்ந்தவரை நன்றாக அறிந்திருந்தார்கள். அந்த அறிமுகமே அவர்களுக்குத் துணிவு தந்தது.